சின்னப்பொண்ணு என்ற இரண்டு எருமைகள்

அறிவழகனுக்கு வேலை கிடைத்த செய்தியை அவன் அம்மா தெருவில் "சென்ட்ரல் கவர்மென்ட் மாதிரி" என்று சொல்லிவைத்தாள். 'மாதிரி'யை மட்டும் கொஞ்சம் தொண்டைக்குள் இழுத்துக்கொள்வாள். என்ன ஆபீஸ் என்று யாராவது விடாமல் கேட்டால் அடுப்பில் பால் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்துவிடும். ஊர் ஜனங்களுக்கு இந்தச் சங்கடம் எல்லாம் இல்லை. அவர்கள் அதை எருமை ஆபீஸ் என்றார்கள்.

அதன் முழுப் பெயர் 'கரையோர மற்றும் உள்நாட்டு எருமைகளின் உடலமைப்பு ஒப்பாய்வு மற்றும் இனக்காப்புச் சிறப்புத் திட்டம்'. மரக்காணத்தில் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லின் மாடியில், 2005ஆம் வருடம் மாசி மாதம் அதைத் திறந்தார்கள். பெயர்ப்பலகை சுவரைவிட நீளமாகப் போய்விட்டதால், 'சிறப்புத் திட்டம்' மட்டும் பக்கத்துச் சைக்கிள் கடையின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. சுனாமி அலை வந்து போய் இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. சிறப்புத் திட்டத்துக்கு மனு எங்கே கொடுப்பது என்று ஆட்கள் சைக்கிள் கடையில் வரிசை கட்டினார்கள். கடைக்காரரும் பஞ்சர் ஒட்டுகிற நேரம் போக, மனுக்களை வாங்கி வைத்துக்கொண்டார்.

அறிவழகன் எம்.எஸ்சி. விலங்கியல். படிப்பில் அவன் கையால் தொட்ட ஆகப் பெரிய விலங்கு தவளை. பதவியின் பெயர் களப்பணியாளர், கரையோரப் பிரிவு, தற்காலிகம். உள்நாட்டுப் பிரிவுக்கு ஆள் போடும்வரை அதையும் அவனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். கடைசிவரை ஆள் போடவில்லை. ஆகவே அந்த ஆபீஸின் களப்பணி முழுவதும் அவனும் அவனுடைய டி.வி.எஸ். மொபெட்டும்தான்.

இயக்குநர் தட்சணாமூர்த்தி. முயலின் ஜீரணத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எருமைக்கு ஏன் வந்தார் என்று கேட்க முடியாது. எருமைக்கு வர வேண்டிய ஆள் எங்கோ கோழிக்குப் போயிருந்தார். தட்சணாமூர்த்தி முதல் நாளே திட்டத்தின் தத்துவத்தை அறிவழகனுக்குப் புரியவைத்தார்.

"மிஸ்டர் அறிவழகன், கடலோரத்து எருமையும் உள்நாட்டு எருமையும் உடம்புல வேற வேறயா இருந்தா, அது ரெண்டு இனம். ரெண்டையும் தனித்தனியா காப்பாத்தணும். அதுக்கு ஆபீஸ் வேணும்."

"ஒரே மாதிரி இருந்துட்டா சார்?"

"அப்படி ஒரு முடிவுக்கு வர்றதுக்கு எதுக்குப்பா ஆபீஸ்?" என்றார்.

அறிவழகனுக்கு இது நியாயமாகவே பட்டது. இருபத்தேழு கட்டம் போட்ட படிவம் ஒன்றை அவனிடம் கொடுத்தார்கள். கொம்பின் நீளம், நெற்றியின் அகலம், மார்புச் சுற்றளவு, வாலின் நீளம், தோலின் நிறம், குளம்பின் நிறம், சுபாவம் என்று வரிசையாகப் போகும். அந்தப் படிவத்தின் மேல் அவனுக்கு ஒரு காதலே வந்துவிட்டது. பேனாவில் கறுப்பு மைதான் ஊற்றுவான். கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி போனால் வேறு தாள் எடுப்பான். எருமை அசைந்தால்தான் கோபம் வரும்.

முதலில் உள்நாடு. பங்குனி மாதம் கிளியனூரில் சகாதேவன் என்பவர் வீட்டுக் கொட்டகையில் ஓர் எருமையை அளந்தான். மணிலாக் கடலைக் கொடி தின்று வயிறு பெருத்திருந்தது. ஏரிச் செம்மண்ணில் புரண்டு வந்திருந்ததால் 'நிறம்: செம்பழுப்பு' என்று எழுதினான். மூன்றாம் எண் சுற்றறிக்கைப்படி கொம்பை வெளிவளைவோடு டேப்பை ஓட்டி அளந்தான். அறுபத்திரண்டு சென்டிமீட்டர். வாலை அளக்கப் பின்னால் போனபோது முட்டியில் ஓர் உதை விழுந்தது. தரையில் உட்கார்ந்தபடியே 'சுபாவம்: வீரியம்' என்று எழுதி முடித்தான். அந்த எருமைக்கு உ-14 என்று எண் கொடுத்தான்.

எண்ணை எருமையின் முதுகில் பெயின்டால் எழுத வேண்டும். தோலுக்குக் கெடுதல் கூடாது என்று தண்ணீரில் கரைகிற பெயின்டாகப் பார்த்து மேலிடம் அனுப்பியிருந்தது. பகல் முழுக்கத் தண்ணீரில் கிடப்பதுதான் எருமையின் தொழில் என்பது மேலிடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. இங்கே எம்.எஸ்சி. படித்தவனுக்கும் தோன்றவில்லை. அவன் ஸ்கேல் வைத்து, எழுத்தெல்லாம் ஒரே உயரத்தில் இருக்கும்படி எழுதினான். சாயங்காலத்துக்குள் நாற்பத்தோரு எருமைகளும் பழையபடி வெறும் எருமைகளாகிவிட்டன.

இடையில் ஏழாம் எண் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் கொம்பை வளைவோடு அளக்கக் கூடாது. அடியிலிருந்து நுனிக்கு நேர்கோட்டில் அளக்க வேண்டும். ஏன் என்று அதில் இல்லை. அறிவழகன் கேட்கவுமில்லை. சுற்றறிக்கையைக் கோப்பில் குத்தி வைத்துவிட்டுக் கார்த்திகை மாதம் மரக்காணத்துப் பக்கம் கரையோர எருமைகளை அளக்கப் புறப்பட்டான்.

கழுவெளிச் சதுப்பை ஒட்டின தெருவில் அமராவதி வீடு. அளத்தில் உப்பு வாருகிறவள். மழைக்கு அளம் மூழ்கிக் கிடந்ததால் வீட்டில் இருந்தாள். அவளுடைய எருமை உப்பங்கழியில் கிடந்துவிட்டு வந்து, காய்ந்து, சாம்பல் பூத்து நின்றது. 'நிறம்: சாம்பல்.' நேர்கோட்டில் கொம்பு நாற்பத்தொன்று. கழியோரத்துக் கோரையில் என்ன கிடைக்கும், உடம்பு வற்றியிருந்தது. மார்புச் சுற்றளவு உள்நாட்டு எருமையைவிட ஒரு சாண் குறைவு. வாலுக்குப் போனான். அதே முட்டியில் அதே இடத்தில் ஓர் உதை விழுந்தது. இரண்டு பக்கத்து எருமைகளுக்கும் ஒரு விஷயத்திலாவது ஒற்றுமை இருக்கிறதே என்று ஆராய்ச்சியாளனாக வியந்துகொண்டு, அதற்கு க-9 என்று எண் போட்டான்.

அமராவதி அருகில்தான் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் மேல் குற்றமில்லை. அலைக்குப் பிறகு அந்தத் தெருவில் பதினோரு தடவை கணக்கெடுத்திருந்தார்கள். "ஏற்கெனவே எழுதிக்கினு போய்ட்டாங்களே" என்று வெள்ளந்தியாகச் சொன்னவர்களின் பெயரெல்லாம் நிவாரணப் பட்டியலில் விட்டுப்போனது. அதிலிருந்து அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. யார் தாளோடு வந்தாலும் முதல் தடவை மாதிரியே நின்று பதில் சொல்ல வேண்டும். ஆளுக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் அதே வழக்கம்தான்.

தை பிறப்பதற்குள் அறிக்கை அச்சாகிவிட்டது. கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. மேடையில் இரண்டு பெரிய படங்கள். ஒன்றில் உ-14, செம்பழுப்பு, பருத்த உடல், நீண்ட கொம்பு. இன்னொன்றில் க-9, சாம்பல், மெலிந்த உடல், குட்டைக் கொம்பு. இவ்விரண்டும் அந்தந்த இனத்தின் மாதிரி எருமைகள் என்று கீழே எழுதியிருந்தது. தேர்ந்தெடுத்தது அறிவழகன். இரண்டு படங்களையும் பார்க்கும்போது அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

தட்சணாமூர்த்தி பேசினார்.

"கடல் காத்துல உப்பு இருக்குது. உப்பு இரும்பையே தின்னுடுது. கொம்பு எம்மாத்திரம்? ஆயிரமாயிரம் வருஷமா இந்தக் காத்து தேய்ச்சுத் தேய்ச்சு உண்டாக்குனதுதான் நம்ம கரையோர எருமை. சிலர் கேக்கலாம், இவ்வளவு பெரிய கண்டுபிடிப்ப நீங்க எருமைகூடவே இருந்து செஞ்சீங்களான்னு. இல்ல. நான் இதுவரைக்கும் ஒரு எருமையையும் தொட்டதில்ல. தொட்டா பாசம் வந்துடும். பாசம் வந்தா ஆராய்ச்சி கெட்டுடும்."

கைதட்டினார்கள். முதலில் தட்டியவன் அறிவழகன்.

இரண்டு இனம் என்று ஆனபின் அவை கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா? ஆணை ஒன்று போட்டார்கள். அதை எழுதும் பொறுப்பையும் அறிவழகனிடம் கொடுத்தார்கள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினான். "கரையோர எருமை எதுவும் மதகைத் தாண்டி மேற்கே செல்லலாகாது. உள்நாட்டு எருமை எதுவும் மதகைத் தாண்டிக் கிழக்கே வரலாகாது. தவறி வந்ததைத் தாமதமின்றிப் பூர்வீகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கொம்பு ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் இருப்பின் உள்நாடு எனவும், குறையின் கரையோரம் எனவும் கொள்க." இந்த 'கொள்க'வை அவன் பலமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தான். தனக்குள் இப்படி ஒரு தமிழ் இருந்ததே என்று நெஞ்சு விம்மியது.

ஊருக்கு மேற்கே, சாலை கழுவெளி வாய்க்காலைத் தாண்டுகிற இடத்தில் ஒரு மதகு. அங்கே ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி, கலியன் என்பவரைக் காவல் வைத்தார்கள். நாற்பது வருடம் அளத்தில் உழைத்துக் கால் வெடித்துப்போனவர். அவர் கையில் ஒரு டேப்பைக் கொடுத்து, கொம்பை நேர்கோட்டில் அளக்கச் சொல்லிக்கொடுத்தவனும் அறிவழகன்தான்.

ஆணை வந்த இரண்டாம் வாரம் அமராவதி ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தாள். முழங்கால் வரை உப்பு. அளத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

"சார், மதகாண்ட சின்னப்பொண்ண உட மாட்றாங்க சார்."

"யாரும்மா சின்னப்பொண்ணு? ஆளுங்க போறதுக்குத் தடை இல்லையே."

"ஆளு இல்ல சார், எரும. நீங்க அளந்தீங்களே."

"ஓ, க-9. அது போகக் கூடாதும்மா. அது கரையோர இனம்."

அமராவதி நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். "சார், தை பொறந்தா அளத்துல வேல. காலைல நாலு மணிக்குப் போனா பொழுது சாயத்தான் வர்றேன். இங்க குடிக்கிற தண்ணி லாரில ரெண்டு நாளைக்கு ஒருக்கா. அது ஒருவேளைக்கு ரெண்டு அண்டா குடிக்குது. பச்சப் புல்லு இல்ல. அதான் வருசா வருசம் தையில கிளியனூருக்கு எங்க அண்ணன் வூட்டுக்கு ஓட்டிக்கினு போயி உட்டுடுவேன். அங்க இருக்கிற வரைக்கும் பாலும் சாணியும் அண்ணனுக்கு, கன்னு எனக்கு. ஐப்பசி மழைக்கு அளம் முழுகுனா திரும்ப ஓட்டிக்கினு வந்துடுவேன். தெருவே அப்டித்தான் சார் செய்யுது."

அறிவழகன் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தான். "அண்ணன் பேரு?"

"சகாதேவன். அங்கயும் நீங்கதான சார் வந்து அளந்தீங்க. அங்கயும் உங்கள எத்துச்சாமே. அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

சுவரில் இரண்டு படங்களும் அருகருகே மாட்டியிருந்தன. அறிவழகன் இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான். இடது காதின் நுனியில் இரண்டுக்கும் ஒரே மாதிரி சின்னக் கிழிசல். இருபத்தேழு கட்டத்தில் காதுக் கிழிசலுக்கு ஒரு கட்டம் இல்லாமல் போனது யார் செய்த பாவம் என்று அவனுக்குத் தெரியவில்லை. முட்டிக்குத் தெரிந்திருக்கிறது, எம்.எஸ்சி.க்குத் தெரியவில்லை.

"ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பேர அடிச்சிடுவீங்களே சார்." அவள் குரல் இறங்கியது. "ஏழு மாசச் சென சார். போன கன்னு அலையில போச்சு. கட்டி வெச்ச எடத்துலயே போச்சு, கயித்தக்கூட அவுக்க முடியல. இது மேலயும் கை வெச்சிடாதீங்க சார்."

தன் அழகான 'கொள்க' இப்படி ஒரு வயிற்றின் மேல் போய் விழும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த மூன்று நாள் வீடு வீடாகப் போய் விசாரித்தான். இந்தத் தடவை படிவம் எடுத்துப் போகவில்லை. அதனால் எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள். கரையோரத்து எருமை முப்பத்தெட்டில் முப்பத்தொன்று, தையிலிருந்து ஐப்பசிவரை அண்ணன், மாமன், சம்பந்தி வீடுகளில் உள்நாட்டு எருமைகளாக இருந்தவை. பாக்கி ஏழுக்கு ஏன் அந்த யோகம் இல்லை என்று கேட்டான். அந்த வீட்டுக்காரர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். இந்த வருடம் சமாதானமாகிவிட்டதாம், அதுகளும் போகக் காத்திருக்கின்றன.

இயக்குநரிடம் போய் நின்றான். பாவமன்னிப்புக் கேட்கிற தோரணையில் ஒன்றுவிடாமல் சொன்னான். தட்சணாமூர்த்தி பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒருமுறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆக, உ-14உம் க-9உம் ஒரே எருமை."

"ஆமா சார்."

"ஒரே உடம்புல ரெண்டு இனம்."

"இல்ல சார், ஒரே இனம்…"

"மிஸ்டர் அறிவழகன், உங்களுக்கு இதோட பயங்கரம் புரியல. ரெண்டு இனமும் ஒரே உடம்புல இருக்குதுன்னா, அந்த ஒரு எருமை செத்தா ரெண்டு இனமும் ஒரே நாள்ல போயிடும். ஆபத்து ரெண்டு மடங்கு. நாளைக்கே மேலிடத்துக்கு எழுதணும். மதகுல காவல இன்னும் பலப்படுத்தணும்."

"சார், அது சினையா இருக்குது. தண்ணி இல்ல. அத மேக்க விட்டுடலாம் சார்."

"ஆணை என்ன சொல்லுது?"

"செல்லலாகாதுன்னு."

"யார் எழுதுனது?"

"நான்தான் சார்."

"நல்ல தமிழ்" என்றார் இயக்குநர்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தான். மனம் போன போக்கில் தன் ஆணையைத் தானே நூறாவது தடவையாக மனசுக்குள் படித்தான். முன்பெல்லாம் அழகுக்காகப் படித்தது. இப்போது ஓட்டை இருக்கிறதா என்று படித்தான். 'கொம்பு ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் இருப்பின்.' எப்படி அளந்தால் என்று அதில் இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து 'கொள்க' போட்டவன் அதை எழுத மறந்துபோயிருந்தான். ஏழாம் சுற்றறிக்கை வந்தது உண்மை. ஆனால் மூன்றாம் சுற்றறிக்கையை யாரும் ரத்து செய்யவில்லை. அவனுடைய கவனக்குறைவால் ஊருக்கு ஒரு நன்மை விளையும் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனான். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் சின்னப்பொண்ணு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. அமராவதி அன்று அளத்துக்குப் போகவில்லை. அவளுக்குப் பின்னால் தெருவே தன் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றது.

கலியன் எழுந்து நின்றார். "அளந்துட்டேன் சார். நாப்பத்தொண்ணு. கரையோரம். உடக் கூடாது."

"டேப்பக் குடுங்க, நான் ஒருதரம் பாக்கறேன்."

அறிவழகன் டேப்பை அடிக்கொம்பில் வைத்து, வெளிவளைவோடு மெல்ல ஓட்டி, நுனியில் நிறுத்தினான். "அறுபத்திரண்டு. உள்நாடு."

கலியன் கண்ணைச் சுருக்கினார். "இன்னா சார் இது? நேரா புடிச்சா நம்மூரு, வளைச்சுப் புடிச்சா வெளியூரா?"

"ஆமா. உள்நாட்டு எருமை ஒண்ணு தவறிக் கிழக்கே வந்திருக்குது. ஆணை என்ன சொல்லுது? தாமதமின்றிப் பூர்வீகத்துக்குத் திருப்பி அனுப்பணும். ஏன் இத்தன நாளா நிறுத்தி வெச்சிருக்கீங்க? இது தாமதம் இல்லையா?"

கலியன் பயந்துவிட்டார். மூங்கிலை அவரே அவிழ்த்தார். "அப்போ ஐப்பசில திரும்பி வந்தா சார்?"

"அப்ப நேரா அளங்க. கரையோர எருமை தவறி மேக்க போயிருக்குது, திருப்பி அனுப்பணும்."

நாற்பது வருடம் அளத்து முதலாளிகளின் கூட்டிக் குறைத்த படிக்கணக்கைப் பார்த்தவர் கலியன். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "புரிஞ்சிபோச்சு சார்" என்றார். அன்று மத்தியானத்துக்குள் முப்பத்தெட்டு எருமைகளின் கொம்பையும் அவரே வளைத்து வளைத்து அளந்து மேற்கே அனுப்பிவிட்டார். சின்னப்பொண்ணு மதகைத் தாண்டும்போது அமராவதி இவனைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அறிவழகனுக்கு அன்று இருந்த சந்தோஷம் எம்.எஸ்சி. பாஸான அன்றுகூட இருந்ததில்லை.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவனுக்குப் புதிதாக நேர்மை வந்திருந்தது. புதுச் செருப்பு மாதிரி, சும்மா வைத்திருக்க மனசு வரவில்லை. பங்குனி மாதம் காலாண்டுக் கணக்கெடுப்பு. வழக்கமாக மேசையில் உட்கார்ந்து போன தடவை எழுதிய எண்ணையே எழுதுவான். இந்தத் தடவை தெருத்தெருவாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'கரையோர எருமைகளின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டான். அந்த ஆபீஸில் அவன் கண்ணால் பார்த்து எழுதிய முதல் உண்மையான எண் அது. வட்டமாக, அழகாகவே போட்டான்.

தட்சணாமூர்த்தி அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"அழிஞ்சுபோச்சா?"

"இல்ல சார். மேயப் போயிருக்குது."

"எங்க?"

"கிளியனூர் பக்கம்."

"கிளியனூர்ல இருந்தா அது உள்நாட்டு இனம். நான் கேக்கறது கரையோர இனம். அது எங்க?"

இதற்குப் பதில் இருபத்தேழு கட்டத்திலும் இல்லை. இயக்குநர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"இருக்கிற எருமையக் காப்பாத்தறேன்னு சொன்னா மேலிடத்துல யாரும் நிமிந்துகூடப் பாக்கறதில்ல. அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிப் பாருங்க, போன் மேல போன் வரும். நம்ம கண்ணு முன்னாலயே, நம்ம திட்டம் இருக்கும்போதே, ஒரு இனம் போயிருக்குது. எந்த ஆபீஸுக்கு வாய்க்கும் இது?"

நான்கே நாளில் மேலிடத்திலிருந்து மூன்று உத்தரவுகள் வந்தன. முதலாவது, காப்பதற்குக் கரையோர எருமை இல்லாததால் மதகுக் காவல் நீக்கப்படுகிறது. இரண்டாவது, சித்திரை மாதம் இரங்கல் கூட்டம் நடத்தப்பட வேண்டும். மூன்றாவதைக் கூட்டத்தன்று காலையில்தான் அறிவழகன் கையில் கொடுத்தார்கள். அளக்க வேண்டிய இனம் இல்லாமல் போனதால், கரையோரப் பிரிவுக் களப்பணியாளர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அவன் அதை இரண்டு முறை படித்தான். தமிழ் சுமார்தான்.

இரங்கல் கூட்டம் அதே கல்யாண மண்டபத்தில். மேடையில் க-9இன் படம் மட்டும் இருந்தது. சந்தனமாலை போட்டு, எதிரில் ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். கடைசிக் கரையோர எருமையை வளர்த்தவர் என்று அமராவதிக்குப் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் கையில் ஒரு பெரிய தூக்குவாளியோடு வந்து அறிவழகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்சணாமூர்த்தி பேசினார், பேச்சின் நடுவே இரண்டு தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள்.

அந்த மௌனத்தில்தான் அமராவதி இவன் காதோரம் கேட்டாள். "ஏன் சார், சின்னப்பொண்ணுக்கு மாலையெல்லாம் போட்டிருக்கீங்க? கன்னு போட்டது அதுக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சிபோச்சா?"

"கன்னு போட்டுச்சா?"

"முந்தாநாளு, அண்ணன் வூட்டுல. கடேரிக் கன்னு சார். என்னா துள்ளு துள்ளுது."

அவனால் அடக்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. மேடையிலிருந்து பார்த்த தட்சணாமூர்த்தி, இந்தப் பையனுக்கு இனத்தின்மேல் இவ்வளவு பற்றா என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

பொன்னாடை போர்த்தி முடித்ததும் அமராவதி தூக்குவாளியைத் திறந்தாள். சீம்பால். வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து, துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். கன்று ஈன்ற வீட்டுச் சீம்பாலை நாலு பேருக்குக் கொடுக்காமல் சாப்பிடுகிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. மேடைக்காரர்களுக்குக் காகிதத் தட்டுகளில் வைத்துக் கொடுத்தாள். இயக்குநர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்றார்.

"அருமை. எந்த எருமையோடதும்மா?"

அமராவதி மாலை போட்ட படத்தைக் காட்டினாள். "இதோடதுதாங்க."

தட்சணாமூர்த்தி படத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடி ஒரு துண்டை எடுத்து மெதுவாகச் சுவைத்தார். பிறகு சபையை நோக்கித் திரும்பி, வருத்தத்தோடு தலையசைத்தார்.

"பாவம், அறியாத ஜனங்க. இது உள்நாட்டு இனம். கரையோர எருமைப் பால்ல இந்தக் கெட்டி வரவே வராது. இன்னொண்ணு வைம்மா."

அமராவதி வைத்தாள். அடுத்தடுத்து எல்லோரும் வந்து தட்டை நீட்டினார்கள். அறிவழகனின் முறை வரும்போது காகிதத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து மூன்றாவது உத்தரவை எடுத்து, இரண்டாக மடித்து, உள்ளங்கையில் விரித்து நீட்டினான். கெட்டித் தாள், ஊறாமல் தாங்கியது.

"இன்னா தம்பி, ஒரு துண்டு போதுமா?" என்று கேட்டுக்கொண்டே அமராவதி இன்னும் இரண்டு வைத்தாள்.